வெளிமாநில அரசுப் பல்கலையில மெரிட் ஸ்காலர்ஷிப்: எங்கதான் தேடுறது?

எடிசன்_அப்பா | 11 பிப்ரவரி 2024

எல்லாருக்கும் வணக்கம். பெரியவன் 11ஆவது படிக்கிறான். காலேஜ் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடில 1600க்கு 1490, ஸ்கூல் மார்க் சராசரி (வெயிட் சேர்க்காத ஜிபிஏ) 4க்கு 3.9. மெக்கானிக்கல்தான் வேணும்னு நிக்கிறான். நாங்க நியூ ஜெர்சி. ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால வருமானம் பாத்துக் குடுக்கிற உதவி ஒண்ணும் தேறாது, கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தாச்சு. ஆனா எங்களால எடுத்து வைக்க முடிஞ்சது வருஷத்துக்கு 30 ஆயிரம் டாலர்தான். அடுத்து சின்னவ இருக்கா, ஊர்ல அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு.

எங்க மாநில அரசுப் பல்கலை ரட்கர்ஸ் வீட்டுப் பக்கத்துலயே. ஆனா தங்கிப் படிச்சா அதுவே 35 ஆயிரத்தைத் தாண்டுது. பையனுக்கோ வீட்டை விட்டு வெளியே போகணும்.

நேத்து சங்கத்துப் பொங்கல் விழாவுல ஒருத்தர், தன் பொண்ணுக்கு வெளிமாநில ஸ்டேட் யூனிவர்சிட்டில 1 லட்சம் டாலர் ஸ்காலர்ஷிப்னு சொன்னார். எந்தக் காலேஜ்னு கேக்கறதுக்குள்ள சாம்பார் வாளி வந்திருச்சு, பேச்சு மாறிப்போச்சு. மார்க்கைப் பாத்துக் குடுக்கிற இந்த மெரிட் ஸ்காலர்ஷிப்பையெல்லாம் எங்க தேடுறது? வெப்சைட்டுக்குப் போனா பத்தாயிரம் ஸ்காலர்ஷிப்னு காட்டுது, எல்லாத்துக்கும் கட்டுரை எழுதச் சொல்லுது.

டல்லாஸ்_மீனா | 11 பிப்ரவரி

முதல்ல அந்த 1 லட்சத்தை 4ஆல வகுங்க. வருஷத்துக்கு 25 ஆயிரம். காலேஜோட மொத்தச் செலவு 60 ஆயிரமா இருந்தா கையை விட்டுப் போறது 35. நீங்க சொன்ன ரட்கர்ஸ் கணக்குக்கே வந்து நிக்குதா? பந்தியில சொல்ற தொகைக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஸ்காலர்ஷிப் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அது போக எவ்வளவு கட்டுறீங்கன்னு கேளுங்க.

ரெண்டாவது, அந்தத் தேடல் வெப்சைட்டெல்லாம் 500 டாலர், 1000 டாலர் ஒருதடவைப் பரிசு. பெரிய பணம் காலேஜே குடுக்கிறது. அதுல சில இடங்கள்ல அட்டவணையே போட்டு வச்சிருக்கான்: இந்த ஜிபிஏ, இந்த ஸ்கோர், இவ்வளவு பணம். கட்டுரை கிடையாது, சிபாரிசு கிடையாது. அலபாமா (டஸ்கலூசா) இதுக்குப் பேர்போனது. இப்போதைக்கு (2024) வெளிமாநிலப் பிள்ளைக்கு ஜிபிஏ 3.5க்கு மேல, எஸ்ஏடி 1420 அல்லது அது மாதிரி இன்னொரு தேர்வான ஏசிடி 32க்கு மேல இருந்தா வருஷம் 28,000. உங்க பையன் இப்பவே அந்தக் கட்டத்துல இருக்கான். வருஷா வருஷம் மாத்துவாங்க, அதனால அவன் விண்ணப்பிக்கிற வருஷத்து அட்டவணையைப் பாருங்க.

பழைய_பெருச்சாளி | 12 பிப்ரவரி

மீனா அக்கா சொன்னதுக்குப் பின்னால இருக்கிற காரணம் புரிஞ்சா தேடுறது சுலபம்.

எந்தக் கடையில கூட்டம் வழியுதோ அந்தக் கடையில தள்ளுபடி கேட்டா கிடைக்காது. பெர்க்லி, யூசிஎல்ஏ, மிச்சிகன், சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன், இவங்க வாசல்ல முழு விலை குடுக்கவே வரிசை நிக்குது. கலிபோர்னியாவுல வெளிமாநிலப் பிள்ளைக்குன்னு தனியா மேல போடுற கட்டணமே 2024-25க்கு 34 ஆயிரத்துச் சொச்சம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தா வருஷம் 75 ஆயிரத்துக்கு மேல. நாலு வருஷம்னா 3 லட்சம். ரீஜென்ட்ஸ்னு ஒரு ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனா இந்த விலைக்கு அது எந்த மூலைக்கு?

அலபாமா கதை நேர் எதிர். மாநில அரசு குடுக்கிற பணம் குறைஞ்சப்ப வெளியூர்ப் பிள்ளைகளை இழுத்து வளரணும்னு முடிவு பண்ணாங்க. இன்னைக்கு அங்க படிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல வெளிமாநிலம். வட கரோலினா சேப்பல் ஹில்ல ரொம்ப காலம் வெளிமாநிலத்துக்கு 18 சதவீதம்னு உச்சவரம்பு. அங்க போய் அட்டவணை தேடினா கிடைக்குமா? அங்க மோர்ஹெட்-கெய்ன் மாதிரி முழுச்செலவு ஸ்காலர்ஷிப்தான் இருக்கு, வர்ஜீனியாவுல ஜெஃபர்சன். ஆயிரக்கணக்குல போட்டி, கைப்பிடி அளவுதான் எடுப்பாங்க. போடுங்க, ஆனா அதை நம்பி உலை வைக்காதீங்க.

தள்ளுபடியிலயும் ஒரு சூட்சுமம். ஆடி மாசத்துல விலைச்சீட்டை ஏத்தி ஒட்டிட்டு 40 சதவீதம் கழிவுங்கிற ஜவுளிக்கடை மாதிரி சில பல்கலை இருக்கு. ஸ்காலர்ஷிப்பே தராட்டியும் விலையைப் பிடிச்சு வச்சிருக்கிற இடமும் இருக்கு. இந்தியானாவுல இருக்கிற பர்டூ 2013லேருந்து டியூஷனை ஏத்தல. வெளிமாநிலத்துக்கு 28,794. அங்க மெரிட் அபூர்வம், ஆனா இன்னொரு ஊர்ல 25 ஆயிரம் ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருவீங்க. மெக்கானிக்கலுக்குப் பர்டூவைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

கரூர்_கண்ணன் | 12 பிப்ரவரி

மன்னிக்கணும், மனசுல பட்டதைச் சொல்றேன். 1490 வாங்கின பையனை அலபாமாவுக்கு அனுப்பவா இவ்வளவு தூரம் வந்தோம்? ரேங்க் பட்டியல் எதுலயாவது மேல இருக்கா? நாளைக்கு ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?

டல்லாஸ்_மீனா | 12 பிப்ரவரி

ஊர்ல கேக்கறவங்க யாராவது ஃபீஸ் கட்டுறாங்களா அண்ணா?

கரூர்_கண்ணன் | 12 பிப்ரவரி

அது சரிதான். ஆனா கூடப் படிக்கிற பசங்க, கம்பெனிங்க வந்து எடுக்கிறது, இதெல்லாம் காசுல வராதே. நான் கடன் வாங்கித்தான் பெரியவளை மிச்சிகன்ல படிக்க வச்சேன். வருத்தப்படல.

(கொஞ்சம் கழிச்சு) சரி, உண்மையைச் சொல்லணும்னா ரிட்டையர்மென்ட் பணத்துல கை வச்சப்ப வருத்தப்பட்டேன்.

டஸ்கலூசா_தம்பி | 13 பிப்ரவரி

அங்கிள், நான் இங்கதான் படிக்கிறேன். ஏரோஸ்பேஸ், ரெண்டாவது வருஷம், வீடு இல்லினாய். அப்பாதான் இந்த லிங்க் அனுப்பினார்.

என் பில்லைத் தொறந்து வச்சுக்கிட்டு டைப் பண்றேன். ஒரு செமஸ்டர் டியூஷன் 16 ஆயிரத்துச் சொச்சம். கீழ மைனஸ் போட்டு 14,000, அது ஸ்காலர்ஷிப். அது வரைக்கும் சூப்பர். அதுக்குக் கீழ பாருங்க: எஞ்சினியரிங் காலேஜுக்குத் தனி ஃபீ, டைனிங் டாலர்ஸ்னு ஒண்ணு (சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும்), ஹாஸ்டல், மீல் பிளான். இது எதையும் ஸ்காலர்ஷிப் தொடாது. முதல் வருஷம் எல்லாம் சேர்த்து வீட்டுல கட்டினது 24 ஆயிரம் பக்கம். ரெண்டாவது வருஷம் அபார்ட்மென்ட், நாலு பேர், இன்னும் குறைஞ்சுது. இல்லினாய்ல சொந்த மாநில ரேட்டுல எஞ்சினியரிங் படிச்சிருந்தா இதை விட அதிகம் ஆகியிருக்கும், நிஜமா.

ஜிபிஏ 3.0 வச்சுக்கிட்டா தொடரும். பசங்க விஷயம்: எங்க ஃப்ளோர்ல பாதிப் பேர் இதே அட்டவணையைப் பாத்து வந்தவங்க. நேஷனல் மெரிட்ங்கிற தேசிய அளவு ஸ்காலர்ஷிப் போட்டில தேறின பசங்களும் நிறைய. மெக்கானிக்கல்னா வான்ஸ்ல மெர்சிடிஸ் ஃபேக்டரி பக்கம், படிப்பு நடுவுலயே கோ-ஆப்னு வேலைப் பயிற்சிக்குப் போறாங்க. நாசா கனவுன்னா ஹன்ட்ஸ்வில்ல மார்ஷல் சென்டர் இருக்கு, அந்த ஊர் யூனிவர்சிட்டியும் அட்டவணை போட்டுத்தான் குடுக்குது.

குறை: ஃபுட்பால் சனிக்கிழமை ரோட்டுல நடக்க முடியாது. நல்ல தோசைக்கு பர்மிங்ஹாம் போகணும், ஒரு மணி நேரம். கோயிலும் அந்தப் பக்கம்தான், பெல்ஹாம்ல.

எடிசன்_அப்பா | 13 பிப்ரவரி

தம்பி, ரொம்ப நன்றி. பில்லை வரி வரியா யாரும் இப்படிச் சொன்னதில்ல. நேஷனல் மெரிட்னா 11ஆவதுல எழுதுற அந்த பிஎஸ்ஏடி தேர்வு மார்க்கை வச்சுக் குடுக்கிறது தானே? அக்டோபர்ல எழுதினான். ரீடிங் 730, மேத்ஸ் 760. தேறுமா?

பழைய_பெருச்சாளி | 13 பிப்ரவரி

கணக்கு இதுதான்: ரீடிங் ஸ்கோரை ரெட்டிப்பாக்கி மேத்ஸைக் கூட்டி 10ஆல வகுக்கணும். 1460 கூட்டல் 760, 2220. உங்க பையன் இன்டெக்ஸ் 222. மொத்தம் 228க்கு.

வயிறு எரியற சமாச்சாரம் என்னன்னா, கட் ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போன பேட்ச்ல நியூ ஜெர்சிக்கு 223. வயோமிங், வெஸ்ட் வர்ஜீனியால 207. அதே 222ஐ வச்சுக்கிட்டு அங்க இருந்திருந்தா மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. இந்த வருஷத்து எண் செப்டம்பர்லதான் தெரியும். காத்திருங்க, ஆனா திட்டத்தை அது மேல கட்டாதீங்க.

வந்தா என்ன லாபம்னா, நேஷனல் மெரிட் நடத்துற அமைப்பு நேரா குடுக்கிற பரிசு சின்னது. இதுல கடைசிச் சுற்று வரைக்கும் வர்ற ஃபைனலிஸ்டுக்குன்னு சில அரசுப் பல்கலை வச்சிருக்கிற பொதிதான் பெருசு. அலபாமா அஞ்சு வருஷ டியூஷனும் நாலு வருஷ ஹாஸ்டலும் குடுக்குது. யூடி டல்லாஸ், ஓக்லஹோமா எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்காக வலை வீசுற ஆளுங்க.

ஹெச்4_அம்மா | 14 பிப்ரவரி

நடுவுல ஒரு கேள்வி. எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரல, க்யூவுல 11 வருஷமா நிக்கிறோம். பொண்ணு ஹெச்-4, வேலை விசாவுல வந்தவங்க குடும்பத்துக்குக் குடுக்கிற விசா. பிஎஸ்ஏடில நல்ல மார்க். இதெல்லாம் அவளுக்கு உண்டா? கேக்கவே கூச்சமா இருக்கு, ஸ்கூல் கவுன்சிலருக்கு விசாவே புரியல.

டல்லாஸ்_மீனா | 14 பிப்ரவரி

கூச்சம் எதுக்குங்க, இங்க பாதிப் பேரு அந்த க்யூவுல நின்னு வந்தவங்கதான்.

நேஷனல் மெரிட் வெறும் ஹெச்-4ஐ வச்சுக் கிடைக்காது, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கணும், இல்லன்னா கிரீன் கார்டுக்கு விண்ணப்பமாவது போட்டிருக்கணும். ஃபாஃப்சாங்கிற பண உதவி விண்ணப்பம் வழியா வர்ற மத்திய அரசுப் பணமும் கிடையாது. ஆனா காலேஜே தர்ற மெரிட்டுக்குப் பல இடங்கள்ல விசாவைப் பாக்கறதில்ல, சில இடங்கள்ல பாக்கறாங்க. அட்டவணைக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா அட்மிஷன் ஆபீஸுக்கு ஈமெயில் போட்டு எழுத்துலயே பதில் வாங்கிக்கங்க. ஃபோன்ல சொன்னது செல்லாது.

இன்னொண்ணு, 21 வயசு. படிப்பு நடுவுல ஹெச்-4 முடிஞ்சு மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரும். சொந்த மாநில ரேட்டுல படிச்சிட்டிருந்தா, பல மாநிலங்கள்ல அந்த மாற்றத்தோட ரேட்டும் போயிடும். அந்த நாள்ல ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க.

சியாட்டில்_சுப்பு | 15 பிப்ரவரி

மேற்குக் கரையில இருக்கிறவங்க யாராவது படிச்சிட்டிருந்தா: டபிள்யூயூஈன்னு மேற்கு மாநிலங்கள் கூடிப் போட்ட ஏற்பாடு இருக்கு. அந்த ஊர்ப் பிள்ளை கட்டுறதுல 150 சதவீதத்துக்கு மேல உங்ககிட்ட வாங்கக் கூடாது. பெரிய பெயர்கள் பல இதுல கிடையாது. பெர்க்லி, யூசிஎல்ஏ இருக்கிற கலிபோர்னியா யூசி வரிசையில மெர்சட் மட்டும்தான். தெற்குல அகடமிக் காமன் மார்க்கெட், உங்க மாநிலத்துல இல்லாத மேஜருக்கு (பட்டப் பாடத்துக்கு) பக்கத்து மாநிலத்துல உள்ளூர் ரேட்.

நியூ ஜெர்சிக்காரருக்கு இது எதுவும் கிடையாது. எந்தக் கூட்டணியிலயும் சேராத மாநிலம் உங்களோடது.

எடிசன்_அப்பா | 15 பிப்ரவரி

வரி மட்டும் எல்லாத்துலயும் சேர்ந்து வாங்குவாங்க.

டல்லாஸ்_மீனா | 15 பிப்ரவரி

டெக்சஸுக்கு வாங்க அப்ப. இங்க சட்டமே இருக்கு: அரசுப் பல்கலை போட்டி வச்சுக் குடுக்கிற ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 1000 டாலராவது வாங்கினா, வெளிமாநிலப் பிள்ளைக்கும் டெக்சஸ் ரேட் போட வழி உண்டு. ஆயிரத்தைப் பாத்து யாரும் துள்ள மாட்டாங்க, ஆனா அது இழுத்துக்கிட்டு வர்ற தள்ளுபடி பதினஞ்சு இருபது ஆயிரம் போகும். டெக்சஸ் பிள்ளைங்களும் போட்டி போட்ட ஸ்காலர்ஷிப்பா இருக்கணும், மொத்தத்துல இத்தனை சதவீதம்தான்னு வரம்பும் உண்டு. அவார்டு லெட்டர்ல அந்தத் தள்ளுபடி எழுதியிருக்கான்னு தேடுங்க.

பெயர்_வேண்டாம் | 17 பிப்ரவரி

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருப்பேன். இதைச் சொல்லியே ஆகணும்.

பையன் போன இடம் பேர் சொல்ல மாட்டேன். வருஷம் 20 ஆயிரம் ஸ்காலர்ஷிப். லெட்டர் வந்த அன்னைக்குப் பாயசம் வச்சேன். நாலு பக்க லெட்டர், முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன். மூணாவது பக்கத்துல "ஒவ்வொரு வருஷ முடிவுலயும் 3.5"னு இருந்துச்சு. கெமிக்கல் எஞ்சினியரிங், ரெண்டாவது செமஸ்டர்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி கிரேடு. மே மாசக் கடைசில 3.46. ஜூன்ல ஈமெயில்.

அப்பீல் போட்டோம். சம்மர்ல ஒரு பேப்பர் எடுத்துத் தூக்கலாமான்னு கேட்டோம், வசந்தகாலக் கணக்குதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க. 0.04க்கு 20 ஆயிரம். சொந்த ஊருக்குத் திரும்பினா கிரெடிட் பாதி போகும். கடன் வாங்கினோம்.

இதுல இன்னொண்ணும் கவனிக்கல. டாலர்ல நிலையா எழுதியிருந்தாங்க, சதவீதத்துல இல்ல. டியூஷன் வருஷம் ஏறுது, நம்ம 20 அப்படியே நிக்குது. நாலாவது வருஷம் வரைக்கும் அவன் தக்க வச்சிருந்தாலும் நாங்க போட்ட கணக்கு பொய்யாத்தான் போயிருக்கும்.

கரூர்_கண்ணன் | 17 பிப்ரவரி

படிச்சதும் பேச்சு வரலீங்க. பையன் இப்ப எப்படி?

பெயர்_வேண்டாம் | 17 பிப்ரவரி

முடிச்சிட்டான். வேலையில இருக்கான். கடன்ல பாதியை அவனே கட்டுறான். ஆனா இன்னைக்கும் 3.46ன்னு எங்கயாவது பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

பழைய_பெருச்சாளி | 18 பிப்ரவரி

இந்த அனுபவத்தை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. 3.0ங்கறதும் 3.5ங்கறதும் எஞ்சினியரிங்ல வேற வேற உலகம். தவறினா ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா, சம்மர் மார்க் சேருமா, மேஜர் மாத்தினா போயிடுமா, ரெண்டு ஸ்காலர்ஷிப் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குமா. இந்தக் கேள்வியெல்லாம் டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி.

எந்தப் பல்கலை உண்மையிலேயே குடுக்குதுன்னு பாக்க ஒரு வழி: பல்கலை பேரோட காமன் டேட்டா செட்னு தேடுங்க, பல்கலையே வெளியிடுற புள்ளிவிவரம் அது. ஹெச்2ஏ பகுதிக்குப் போங்க. பண உதவித் தேவையே இல்லாத எத்தனை பிள்ளைகளுக்கு மெரிட் குடுத்தாங்க, சராசரி எவ்வளவுன்னு அங்க இருக்கும். உள்ளூர் வெளியூர்னு பிரிச்சுக் காட்டாது, அது ஒரு குறை. ஆனா 100 பேர்ல 3 பேருக்குக் குடுக்கிற இடமும் 30 பேருக்குக் குடுக்கிற இடமும் பாத்த உடனே தெரியும். விளம்பரப் புத்தகத்தை விட இது நேர்மை.

தேதிகள்: மேரிலாண்ட்ல பன்னெக்கர்-கீ ஸ்காலர்ஷிப் வேணும்னா நவம்பர் 1க்குள்ள விண்ணப்பம். பர்டூவும் நவம்பர் 1. சவுத் கரோலினாவுல வெளிமாநிலப் பிள்ளைகளுக்கே மெக்நேர்னு உச்ச ஸ்காலர்ஷிப். அட்மிஷன் கடைசித் தேதி வேற, ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி வேற, நம்ம ஆளுங்க கோட்டை விடுறது இங்கதான். ஜனவரில போட்டா சீட்டு கிடைக்கும், பணம் கிடைக்காது.

கடைசியா வரி. டியூஷன், ஃபீ, புத்தகத்துக்குப் போற ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்ல. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போறது பிள்ளையோட வருமானம். படிப்புக்குன்னு சேத்து வைக்கிற 529 கணக்குல பணம் மிச்சமானா, ஸ்காலர்ஷிப் அளவுக்கு அபராதம் இல்லாம எடுக்கலாம், லாபத்துக்கு மட்டும் வரி.

எடிசன்_அப்பா | 12 செப்டம்பர் 2024

நியூ ஜெர்சி கட் ஆஃப் வந்திருச்சு, 223. ஒரு மார்க்ல போச்சு.

பையன் தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டான். நான்தான் ராத்திரி பூரா அந்த ஒரு கேள்வி என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சிட்டுக் கிடந்தேன்.

டல்லாஸ்_மீனா | 12 செப்டம்பர்

அட்டவணைக்கு அந்த ஒரு மார்க் தேவையே இல்ல. நவம்பர் 1ஐப் பாருங்க.

எடிசன்_அப்பா | 20 ஏப்ரல் 2025

கடமைக்கு வந்து சொல்லிட்டுப் போறேன். ஒன்பது இடம் போட்டான். பர்டூ கிடைச்சுது, ஸ்காலர்ஷிப் இல்ல, தங்கிச் சாப்பிட எல்லாம் சேர்த்து 40க்கு மேல. மேரிலாண்ட் சீட்டு மட்டும். ரட்கர்ஸ்ல கொஞ்சம் குடுத்தாங்க, அப்பவும் 34. அலபாமா 28,000, அட்டவணையில சொன்னபடி, ஒரு டாலர் கூடக் குறைச்சல் இல்லாம. தம்பி சொன்ன மாதிரியே ஒவ்வொரு வரியும் எழுதிக் கூட்டினேன், 25 வருது. மார்ச்ல ரெண்டு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்ல சிவப்புத் தொப்பி வாங்கிட்டான், அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அவங்கம்மாவுக்கு மட்டும் பர்டூ மேல இன்னும் ஒரு கண்ணு. நாலு வருஷத்துக்கு 60 ஆயிரம் வித்தியாசம்னு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். லெட்டரை மூணாவது பக்கம் வரைக்கும் படிச்சேன், பெயர்_வேண்டாம் அவர்களுக்கு என் கும்பிடு. நேத்து டெபாசிட் கட்டியாச்சு.

ஊர்ல அப்பாகிட்ட சொன்னேன். "அலபாமாவா, அங்க மழை பெய்யுமா?"ன்னு மட்டும் கேட்டார்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. ஹாஸ்டல் ரூம்ல ரைஸ் குக்கர் விடுவாங்களா?

டஸ்கலூசா_தம்பி | 20 ஏப்ரல்

ரூல் புக்கை ஒரு தடவை பாத்துக்கங்க அங்கிள். குக்கர் எடுத்துட்டு வராட்டியும் பரவால்ல, எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை சாம்பார் வைப்போம், அவனை வரச் சொல்லுங்க. ஊறுகா மட்டும் குடுத்து விடுங்க.